உயிரணு மரபுவழித் தடமறிதல்

உயிரணு மரபுவழித் தடமறிதல் என்பது ஓர் உயிரினத்தின் உடலிலுள்ள உயிரணுக்கள் எந்தெந்தத் தாய் உயிரணுக்களில் இருந்து பிரிந்து வந்தன என்பதைக் கண்டறியும் முறை ஆகும். கருவுற்ற ஒரே முட்டையில் இருந்து மூளை, இதயம், இரத்தம் முதலியன எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிய இது உதவுகிறது.

வரலாறு

1983 ஆம் ஆண்டில் ஜான் சல்ஸ்டன் குழுவினர், ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ள ஓர் உருளைப்புழுவின் கரு வளர்ச்சியை நுண்நோக்கியில் பின்தொடர்ந்து, அதன் உயிரணு மரபு மரத்தை வரைந்து வெளியிட்டனர். வளர்ந்த இருபாலினப் புழுவில் 959 உடல் உயிரணுக்களே உள்ளன. அதன் உடலும் ஒளி ஊடுருவக்கூடியது. எனவே இது இயன்றது. சல்ஸ்டன் 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். கோடிக்கணக்கான உயிரணுக்கள் கொண்ட, ஒளி புகாத உடல்களுக்கு இம்முறை பொருந்தாது.

செயல்முறை

கிரிஸ்பர் முறையில் காஸ்9 என்னும் நொதி டி.என்.ஏ. இழையைக் குறித்த இடத்தில் வெட்டுகிறது. உயிரணு அவ்வெட்டைச் சரிசெய்யும்போது சில எழுத்துகள் விடுபடுகின்றன அல்லது கூடுதலாகச் சேர்கின்றன. இத்தழும்பு வழித்தோன்றல் உயிரணுக்கள் அனைத்துக்கும் கடத்தப்படுகிறது.

திருப்பூர்ப் பின்னலாடை ஆலை ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். துணியுடன் செல்லும் அட்டையில் பின்னல், சாயமிடல், வெட்டுதல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் சேர்க்கப்படுகிறது என்று கொள்வோம். இரு பனியன்களின் சாய எண் ஒன்றாகவும் வெட்டு எண் வேறாகவும் இருந்தால், அவை சாயமிட்ட பின்னரே பிரிந்தவை என அறியலாம். அவ்வாறே, பொதுவான தழும்புகள் மிகுதியாக உள்ள உயிரணுக்கள் நெருங்கிய உறவுடையவை.

ஜே ஷெண்டூரே, அலெக்சாண்டர் ஷியர் ஆகியோரின் குழுக்கள் 2016 ஆம் ஆண்டில் வரிக்குதிரைமீனில் இம்முறையைச் செயல்படுத்தின. வளர்ந்த மீனின் உறுப்புகளில் உள்ள பெரும்பாலான உயிரணுக்கள், கருவின் மிகச் சில உயிரணுக்களில் இருந்தே தோன்றியவை எனத் தெரியவந்தது. எனினும் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அம்முறை காட்டவில்லை. 2018 ஆம் ஆண்டில் மூன்று குழுக்கள் ஒற்றை உயிரணு வரிசைப்படுத்தலை இதனுடன் இணைத்தன. இதனால் ஓர் உயிரணுவின் தழும்புகளையும், அதில் இயங்கும் மரபணுக்களையும் ஒருங்கே படிக்க முடிந்தது.

பயன்கள்

2021 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, எலிகளுக்குள் செலுத்தப்பட்ட மனித நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்கள் பிற உறுப்புகளுக்குப் பரவிய வழிகளை இம்முறையால் கண்டறிந்தது. மனித உடலில் இவ்வாறு தழும்பிட முடியாது. அதற்கு மாற்றாக, இழைமணிகளின் டி.என்.ஏ.வில் இயற்கையாகத் தோன்றும் மாற்றங்கள் பயன்படுகின்றன. விஜய் சங்கரன், அவீவ் ரெகெவ் ஆகியோரின் குழுக்கள் 2019 ஆம் ஆண்டில் இதனை விளக்கின.

வரம்புகள்

உறவற்ற இரு உயிரணுக்களில் ஒரே தழும்பு தற்செயலாகத் தோன்றக்கூடும். அருகருகே இரு வெட்டுகள் நிகழ்ந்தால், இடையிலுள்ள பழைய தழும்புகள் அழிந்துபோகும். ஆகவே, சல்ஸ்டன் வரைந்த மரம் கண்ணால் கண்டது. தழும்புகளைக் கொண்டு வரையப்படும் மரமோ கணிப்பு முறையில் ஊகித்து அறியப்படுவது ஆகும்.