முதலாளி அமெரிக்காவில், காரியதரிசி அதியமான்கோட்டையில்! வேலை உண்டு, டெபாசிட் கேட்டால் உஷார்!

அதியமான்கோட்டை-

முதலாளி இருப்பது அமெரிக்காவில். அவருடைய காரியதரிசி இருப்பது தர்மபுரி பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும்!

இப்படியும் நடக்குமா? நடக்கும். 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று அந்தத் தொழிலுக்குப் பெயர். கம்ப்யூட்டர், இன்டர்நெட், கொஞ்சம் ஆங்கிலம் இருந்தால் போதும். கடிதம் எழுதுவது, கணக்கு ஏற்றுவது, டிக்கெட் போடுவது எல்லாம் வீட்டில் இருந்தே செய்யலாம்.

தேய்பிறை அஷ்டமி என்றால் காலபைரவர் கோவிலில் பூசணி விளக்கேற்ற ஜனங்கள் திரளும் ஊர் அதியமான்கோட்டை. படித்த பிள்ளைகள் வேலைக்கு ஓசூர், பெங்களூர் என்று பஸ் ஏறும் ஊரும் கூட. பஸ் ஏறாமலே பெங்களூர் வேலையைச் செய்யலாம் என்பதுதான் இதில் விசேஷம்.

பெங்களூரில் பிறந்தது

குக்கருக்குப் பெயர் போன டி.டி.கே. குழுமம் பெங்களூரில் 'யுவர் மேன் இன் இந்தியா' என்று ஒரு சேவை நடத்தியது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்காக இங்கே பில் கட்டுவது, பெற்றோருக்கு உதவுவதுதான் வேலை. அதிலிருந்து 2005-ல் 'கெட் பிரைடே' வந்தது.

அதே 2005-ல் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் பெங்களூர் உதவியாளர்களை வேலைக்கு வைத்தார். சாமான் வாங்குவது முதல், மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்புவது வரை அவர்களிடமே விட்டார்! இதை 'எஸ்குயர்' பத்திரிகையில் எழுதினார். 2007-ல் டிம் பெர்ரிஸ் எழுதிய புத்தகத்திலும் அது இடம்பெற்றது. இந்தத் தொழிலின் பெயர் உலகம் பூராவும் பரவியது.

வேலை வாங்கிக்கொண்டவரே வாயாரச் சொன்னார். அதுதான் விளம்பரம்.

பட்டிக்காட்டில் முடியுமா?

முடியும். திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் 'தேசிக்ரூ' நிறுவனம் கம்ப்யூட்டர் வேலைக்கு மையம் நடத்தியது. 2007-ல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்குக் கை கொடுத்தது சென்னை ஐ.ஐ.டி. தர்மபுரியில் இருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரியில், ஓசூர் அருகே சானசந்திரம் கிராமத்திலும் மாவட்ட நிர்வாகமே முன்னின்று இப்படி ஒரு மையம் தொடங்கியது.

ஆக, ஊர் குறுக்கே நிற்கவில்லை. முதல் வாடிக்கையாளர் கிடைப்பதுதான் கஷ்டம்.

எங்கே தேடுவது?

முதலில் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். தர்மபுரி ஆடிட்டர், லாரி ஆபீஸ், ஆஸ்பத்திரி, வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் - எல்லோருக்கும் எழுத்து வேலை குவிந்துதான் கிடக்கிறது.

"எல்லாம் செய்வேன் சார்" என்றால் யாரும் தரமாட்டார்கள். "உங்க பில்லை எல்லாம் வாரா வாரம் கணக்கில் ஏத்தித் தர்றேன்" என்று ஒன்றைச் சொல்லிக் கேட்டால் காரியம் நடக்கும். ஒருவர் திருப்தி அடைந்தால் இன்னொருவரை அவரே அனுப்புவார்.

'அப்வொர்க்' போன்ற இன்டர்நெட் சந்தைகளும் உண்டு. கமிஷன் பிடிப்பார்கள். ஆரம்பத்தில் சின்ன வேலைதான் கிடைக்கும். நல்ல பெயர் சேர்ந்தால் பெரிய வேலை வரும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நியூயார்க்கில் குளிர்காலக் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7.30. தூக்கம் கெடும்!

ஆசாமிகள் வலை

இந்த ஆசையைத்தான் மோசடிக் கும்பல் குறிவைக்கிறது. "டெபாசிட் கட்டுங்க மேடம், நாளைக்கே டைப்பிங் வேலை வந்துடும்" என்று போனில் குழைவார்கள். கட்டியதும் ஆள் மாயம்!

இன்னொரு கும்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும். டைப் செய்து கொடுத்ததும், "ஏகப்பட்ட தப்பு, அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்டு" என்று போலி வக்கீல் பெயரில் மிரட்டும். பயந்து கட்டியவர்கள் பலர்.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. "உங்க பேங்க் கணக்கில் பணம் வரும், எடுத்து அனுப்புங்க, கமிஷன் தர்றோம்" என்பார்கள். அது யாரோ ஏமாந்த பணம். போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்!

வேலை கொடுப்பவர்தான் பணம் கொடுக்க வேண்டும். புது ஆளிடம் வேலையைப் பிரித்து, பாதிப் பணம் முன்னதாக வாங்குவது நல்லது.

ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் கைமாறும் முன்பு தகவல் போனால் அதை முடக்க முடியும். ஒரு நாள் தாமதித்தாலும் மீட்பது கஷ்டம்.