வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை: வெட்டுமுன் இடத்தைப் பாருங்கள்



தை பிறந்தால் பங்குனி வரைக்கும் நமது மலைகளில் மழை குறைவு. பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும். குடிக்கவும் சமைக்கவுமே குடத்தோடு வரிசையில் நிற்கிற நாட்களில், பின்பக்கத்தில் போட்ட கரட், லீக்ஸ், போஞ்சிப் பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? ஆனி, ஆடியில் கொட்டிய மழையெல்லாம் கானில் ஓடி ஆற்றோடு போய்விட்டது. "அந்தத் தண்ணிய ஒரு குழியில புடிச்சு வச்சிருந்தா இப்ப உதவுமேங்க" என்று பலரும் நம்மிடம் கேட்கிறார்கள்.

நல்ல யோசனைதான். தனிவீடு கிடைத்தவர்களுக்கு இப்போது 7 பேர்ச் நிலம் இருக்கிறது. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் ஒரு மூலையில் சின்னக் குட்டை வெட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் மலையில் குட்டை வெட்டுவது சமவெளியில் வெட்டுவது போலல்ல. இங்கே எப்படி வெட்டுகிறோம் என்பதைவிட எங்கே வெட்டுகிறோம் என்பதே பெரிய விஷயம்.

சுவர் வேர்த்த கதை

ஹற்றனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் லயத்துக்கு மேலே உள்ள தட்டில் அழகான குட்டை ஒன்று வெட்டியிருந்தார். கரையில் புல், ஓரத்தில் சேம்பு. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அடியில் எதுவும் விரிக்கவில்லை, வெறும் மண். "தண்ணி கொறஞ்சா பைப்புல இருந்து விட்டுக்குவேன்" என்றார்.

கீழே லயத்தில் ஓர் அக்கா நம்மைக் கூப்பிட்டுத் தன் அடுப்படிச் சுவரைக் காட்டினார். "தகரம் ஒழுகலைங்க. மழையும் இல்ல. ஆனா சுவரு வேர்க்குது." கையை வைத்தால் ஈரம். மேலே குறைந்த தண்ணீர் எங்கே போனது என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது. பெரியவரும் உடனே ஒத்துக்கொண்டார். தண்ணீரை வாளியால் அள்ளிப் பாத்திகளுக்கு ஊற்றிவிட்டு, குழியை மண் போட்டு இறுக்கி மூடினார்கள். சில வாரங்களில் சுவர் காய்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள சின்னக் குட்டை 48 கன அடி. ஒரு கன அடியில் 28 லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆக மொத்தம் 1,360 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியென்றால் 50 கிலோ உர மூடை 27ஐ ஒரே இடத்தில் அடுக்கி வைத்த பாரம்.

பாரத்தைவிடக் கசிவுதான் மோசம். குட்டையில் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் கசிந்து குறைந்தால், 2 கன அடி, அதாவது 56 லீற்றர் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. மாதத்துக்கு 1,700 லீற்றர். யாருக்கும் தெரியாமல், மழையில்லாத நாளிலும், அதே இடத்தில் இறங்குகிறது.

கான் வெட்டிய கைகளுக்கு மண்ணின் குணம் தெரியும். அளவான ஈரமுள்ள மண் பிடித்த இடத்தில் நிற்கும். தண்ணீர் நிறைந்து ஊறிய மண் நிற்காது. கஞ்சி போல வழியும். மண் துகள்களுக்கு இடையே தண்ணீர் புகுந்து ஒன்றையொன்று பிடிக்கவிடாமல் தள்ளுவதே காரணம். சரிவில் உள்ள மண்ணுக்கு இது ஆபத்து.

2014 ஒக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலை இறங்கியதையும் பார்த்தோம். அவை குட்டையால் வந்தவை அல்ல, பெருமழையால் வந்தவை. ஆனால் சரிவுக்குள் தண்ணீர் சேர்ந்தால் மண் பிடியை விடும் என்பது பெரிய மலைக்கும் நம் வீட்டு மண்மேட்டுக்கும் ஒன்றுதான். மழை செய்வதை நாம் தடுக்க முடியாது. அதற்கு நாமே உதவி செய்யாமல் இருக்கலாம்.

எங்கே வெட்டக்கூடாது?

1. வீட்டுக்கோ லயத்துக்கோ மேற்பக்கம் வேண்டவே வேண்டாம். உங்கள் வீடு மட்டுமல்ல, கீழ்வரிசை வீட்டையும் பாருங்கள்.

2. மண்மேட்டின் விளிம்பிலும் வேண்டாம், அடியிலும் வேண்டாம். விளிம்பில் வெட்டினால் பாரமும் கசிவும் சேரும். அடியில் வெட்டினால் மேட்டைத் தாங்கும் மண்ணையே எடுத்துவிடுகிறோம்.

3. கானை மறித்துக் குட்டை கட்டாதீர்கள். கான் இருப்பது தண்ணீரைச் சேதமில்லாமல் இறக்கிவிடத்தான்.

4. மலசலகூடக் குழிக்குக் கீழ்ப்பக்கம் வேண்டாம். மருந்து அடிக்கும் தேயிலை மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வரும் வழியிலும் வேண்டாம்.

5. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்துபோன மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரெனக் கலங்கி வரும் பீலித் தண்ணீர் இவற்றில் ஒன்றைக் கண்டால் குட்டைப் பேச்சையே விடுங்கள். தோட்ட நிருவாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அவசரமானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார்.

நல்ல இடம் எது? வீட்டுக்குப் பக்கவாட்டிலோ கீழ்ப்பக்கத்திலோ உள்ள தட்டையான நிலம். பெரியவர்கள் தண்ணீரைத் தேக்கிய இடத்தையும் பாருங்களேன். 1873 இல் தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில் உண்டான நுவரெலியா கிரகரி வாவி பள்ளமான சதுப்பு நிலத்தில் இருக்கிறது. காசல்ரியும் மவுஸ்ஸாக்கலையும் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அப்படித் தட்டையான இடம் உங்களுக்கு இல்லையென்றால் குட்டை வேண்டாம். தகரத்துக்குக் கீழே ஒரு பீப்பாயை மூடியோடு வையுங்கள். அதில் குறைவேதும் இல்லை.

எப்படி வெட்டுவது?

முதலில் தோட்ட நிருவாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு 2 அடிக்கு மேல் ஆழம் போகாமல், பக்கங்களைச் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். எடுத்த மண்ணைச் சரிவில் தள்ளாமல் பாத்திகளுக்குப் போடுங்கள். கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டுப் பழைய சாக்குகளைப் பரப்பி, அதன் மேல் தடித்த கறுப்புப் பொலித்தீனை விரியுங்கள். மேலே சொன்ன அளவுக்கு 12 அடிக்கு 10 அடி பொலித்தீன் வேண்டும். ஓரத்தில் ஓரடி வெளியே வந்து கல்லுக்கடியில் இருக்கட்டும்.

விளிம்புக்கு 2 அங்குலம் கீழே ஒரு பைப் வைத்து, நிரம்பிய தண்ணீர் கானுக்குப் போகும்படி செய்யுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் கல் அடுக்கினால் மண் அரிக்காது. இந்தப் பைப் இல்லாத குட்டையை நாம் குட்டை என்று சொல்லமாட்டோம், அது தொல்லை.

200 சதுர அடித் தகரத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், சிந்தியது போக 375 லீற்றர் அளவு பிடிக்கலாம். நாலு நல்ல மழைக்குக் குட்டை நிரம்பிவிடும். 10 அடிக்கு 3 அடிப் பாத்தி மூன்றுக்கு நாளொன்றுக்கு 36 லீற்றர் ஊற்றினால் ஒரு மாதம் ஓடும்.

நிரம்பியதும் ஒரு சோதனை செய்யுங்கள். குட்டையில் ஒரு குச்சி நட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து அதையும் குறியுங்கள். மழையில்லாத நாளில் 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது வெயில் குடித்தது. குட்டை கூடுதலாகக் குறைந்தால் எங்கோ ஓட்டை. அடைக்கும் வரை தண்ணீர் விடவேண்டாம்.

பிள்ளையும் நுளம்பும்

அம்மா மலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்ப்பது பாட்டியின் கண்தான். தவழும் பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீர்கூட உயிரை எடுக்கும். ஆகவே வேலி முதலில், தண்ணீர் பிறகு. 4 அடி உயர வேலியும், பிள்ளை திறக்க முடியாத படலும் வேண்டும். மேலே கம்பி வலை போட்டால் இன்னும் நல்லது.

"நம்ம ஊரு குளிரு, டெங்கு வராது" என்று இருந்துவிடாதீர்கள். 2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமையிலிருந்து பத்து நாள். எனவே கிழமைக்கு ஒருதரம் பாருங்கள். பொலித்தீன் மடிப்பில் தேங்கும் ஒரு கை தண்ணீரே நுளம்புக்குப் போதும். மடிப்புகளை இழுத்துச் சமப்படுத்துங்கள். சூடான பக்கங்களில் கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்னும். நுவரெலியாக் குளிரில் அதை நம்ப வேண்டாம்; நெருக்கமான வலையால் மூடுங்கள். குட்டைத் தண்ணீரைக் குடிக்கவோ, மருந்துத் தாங்கியை அதில் கழுவவோ கூடாது.

பெருமழைக் காலத்துக்கு முன் பைப்பையும் கானையும் துப்புரவாக்கி, குட்டையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். நமது பாட்டன்மார் கான் வெட்டித் தண்ணீரை அடக்கித்தான் இந்த மலைகளைக் காப்பாற்றினார்கள். குட்டை வெட்டப் போகிறவர்கள் மண்வெட்டியை எடுக்குமுன் ஒருதரம் கீழே இறங்கி, கீழ்வீட்டுக்காரரின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கும் சரியென்றால் நமக்கும் சரி.