வாயிற் காவலரும் வாங்கிய கோல்களும்

சீகிரியாக் குன்றைக் காணச் செல்வோர் அகழி, மதில், சிங்கவாயில் எனக் காவலுக்கு மேல் காவலாக அமைந்திருப்பதைக் கண்டு வியப்பர். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனை அக்குன்றின் மேலேறி வென்றவர் எவருமில்லை. அதனைக் கொண்டு அவனைப் பெரும் போர்வீரன் என்று முடிவு கட்டலாமா? சகோதரன் முகலன் படையோடு வந்தபோது காசியப்பன் கீழிறங்கிச் சமவெளியில் எதிர்த்தான். சதுப்பு நிலத்தைக் கண்டு அவனது யானை திரும்ப, மன்னன் பின்வாங்குகிறான் என்றெண்ணிப் படை கலைந்தது என்று சூளவம்சம் கூறும். அகழியும் மதிலும் செய்த வேலையை அரசனின் பேரில் எழுதிவிடுவது சரித்திரத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஹொக்கி மைதானத்திலும் நாள்தோறும் நிகழ்வதே.

இம்மாவட்டத்தின் தலைநகரான மாத்தளை, ஹொக்கிக்கு இலங்கை முழுதும் பெயர் பெற்ற ஊர். புனித தோமையர் கல்லூரி, கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி முதலியவற்றின் மாணவர் மோதும்போது ஊரே திரண்டுவிடும். கல்லூரிகளின் ஆட்டம் முடிந்து, ஒன்றிணைந்த அணிக்கு ஆள் தெரியும் காலம் வந்ததும் எழும் முதல் வினா, “எந்தக் கோல் காப்பாளர் குறைந்த கோல் வாங்கினார்?” என்பதே. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வினாவே பல பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கின்றது என்பது நமது துணிபு.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது, வாங்கியது ஒன்றுமில்லை. காப்பாளராக நின்றவர் ரிச்சர்ட் அலன். அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆயினும் முன்வரிசையில் தியான் சந்தும், இடைவரிசை நடுவில் புரூம் பின்னிகரும் ஆடிய அணியில், பந்து பெரும்பாலும் எதிரியின் பாதியிலேயே கிடந்திருக்குமன்றோ? 1932இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவை 24-1 என்று வென்றபோது, அந்த ஒரு கோல் விழுந்த வேளையில் அலன் மைதான ஓரத்தில் ரசிகர்களுக்குக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார் என்றொரு கதை உலவுகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அதனை எவரும் எளிதில் நம்பிவிடுகின்றனர் என்பதே அவருக்கிருந்த வேலையின் அளவைக் காட்டும்!

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியக் காப்பாளர் ஸ்ரீஜேஷ். அவுஸ்திரேலியாவிடம் அவரது அணி 7-1 என்று தோற்றது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்திலோ ஜேர்மனியை 5-4 என்று வென்றது. நான்கு கோல்கள் உள்ளே போன ஆட்டம். இருந்தும் கடைசி விநாடிகளில் ஜேர்மனிக்குக் கிடைத்த பெனால்ட்டி கோர்னரைத் தடுத்த ஸ்ரீஜேஷையே நாடு தோளில் தூக்கிக் கொண்டாடிற்று. எண்ணை மட்டும் நோக்கின், அலனுக்கு முன் இவர் எம்மாத்திரம்?

பனி ஹொக்கி ஆடும் அமெரிக்கக் கல்லூரிகளில், வாங்கிய கோலோடு நில்லாமல், வந்த அடிகளில் நூற்றுக்கு எத்தனை தடுக்கப்பட்டன என்றும் கணக்கிடுவர். உதாரணமாக, வலிய அணியின் காப்பாளருக்கு ஐந்து ஆட்டங்களில் 12 அடிகள் வந்து மூன்று கோல்கள் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். மெலிந்த அணியின் காப்பாளருக்கு 84 அடிகள் வந்து 14 கோல்கள் விழுந்தன. முன்னவர் தடுத்தது நூற்றுக்கு 75. பின்னவர் தடுத்ததோ நூற்றுக்கு 83க்கு மேல். மூன்று பெரிதா, பதினான்கு பெரிதா என்று பார்ப்பவர் பின்னவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஆனால் இந்தக் கணக்கும் முழு உண்மையன்று. நமது புல்தரை ஹொக்கியில் அடிக்கும் வட்டத்தினுள்ளிருந்து அடித்தால்தான் கோல். கோல் கம்பங்களிலிருந்து அவ்வட்டத்தின் விளிம்பு 14.63 மீற்றர். நல்ல பின்காவலர் எதிரியை அவ்விளிம்புக்கு ஒதுக்கி, கோணத்தைக் குறுக்கி, இடக்கைப் புறமாக அடிக்கச் செய்வர். அத்தகைய பத்து அடிகளைத் தடுப்பதும், தனித்து ஓடிவரும் ஒருவனின் இரண்டு அடிகளைத் தடுப்பதும் ஒன்றாகா. மோசமான பின்காவலர் வழிவிடுவது மட்டுமன்று. காப்பாளரின் கண்ணையும் மறைத்து நிற்பர். பெனால்ட்டி கோர்னரில் காப்பாளருடன் நால்வரே காவல். முதலில் பாய்ந்தோட வேண்டியவன் ஓரடி தாமதித்தாலும், அந்தக் கோல் காப்பாளரின் பேரிலேயே எழுதப்படும்.

அவ்வாறாயின் காப்பாளரை எதைக் கொண்டு அறிவது? பந்து வருமுன் அவர் நிற்கும் இடத்தைக் கொண்டும், தடுத்த பந்தை எப்பக்கம் தள்ளுகிறார் என்பதைக் கொண்டும், பின்காவலரை எவ்வளவு உரக்க அழைத்து நிறுத்துகிறார் என்பதைக் கொண்டும் அறியலாம். மூன்றாவதை நமது ஆசிரியர்கள் கவனிப்பதேயில்லை. மாணவர் சத்தமிட்டால் அடக்குவதே நமக்குப் பழக்கம். காவலை ஒழுங்குபடுத்தும் காப்பாளருக்கு அடிகளே குறைவாக வரும். அதனால் வலிய அணியின் காப்பாளர் எல்லாரும் சும்மா நிற்பவர் என்று தள்ளிவிடுதலும் தவறாகும்.

நமக்குப் பெருங்கவலை தருவது தம்புள்ளை, சீகிரியாப் பக்கத்துச் சிறு பாடசாலைப் பிள்ளைகளின் நிலையே. பயிற்சியில்லாத பின்காவலர்களின் பின்னால் நின்று, ஓர் ஆட்டத்தில் எட்டுக் கோல் வாங்கி, இருபதைத் தடுத்த பதினாறு வயதுப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எட்டு என்ற எண் மட்டுமே ஏறும். தெரிவு செய்வோர் அந்த ஆட்டத்தைக் கண்டிரார், ஏட்டையே காண்பர். புள்ளி குறிக்கும் மாணவர் ஒருவர் ஒவ்வோர் அடியும் வட்டத்தின் எவ்விடத்திலிருந்து வந்தது, காப்பாளருக்குப் பந்து தெரிந்ததா என்பதைக் குறித்து வந்தால் போதும். அதற்கு ஒரு கோடிட்ட கொப்பியும் ஒரு பென்சிலுமே செலவு.

2024இல் பாரிஸ் காலிறுதியில், பிரித்தானியாவுக்கு எதிராக 17ஆவது நிமிடத்திலேயே இந்தியப் பின்காவலர் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நேரம் முழுதும் பத்துப் பேருடன் ஆடி 1-1 என்று நிறுத்தி, பின்னர் தனிநபர் மோதலில் 4-2 என்று இந்தியா வென்றது. ஏட்டில் ஸ்ரீஜேஷின் பெயருக்கு எதிரே அன்று எழுதப்பட்டது, ஆட்ட நேரத்தில் வாங்கிய கோல் ஒன்று என்பதே.