பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்ன சொல்கிறது? கம்ப்யூட்டரில் கேட்டுப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் அதில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம். ஓர் எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது, அதற்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறதா என்பதையும் வெறும் சத்தத்தை வைத்தே அதே கம்ப்யூட்டர் காட்டிவிடும் என்றால் நம்புவீர்களா? ஒரு செல்போன், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாப்ட்வேர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

கோ-கார்ட், மினிபைக் இவற்றில் பொருத்தப்பட்ட பழைய சின்ன எஞ்சின்கள் மீது எனக்கு நீண்ட நாள் ஆசை உண்டு. இது தெரிந்த நண்பர் ஒருவர், கலிபோர்னியாவில் வேலை பார்ப்பவர், அங்கே பழைய கோ-கார்ட் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து இமெயிலில் எனக்கு அனுப்பி, “இதை ஓட்டலாமா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதானா?” என்று கேட்டிருந்தார். அந்த பைலை ஆராய்ந்த விதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம். கோ-கார்ட் என்பது இரும்புக் குழாய்களால் ஆன ஒரு சட்டம், நான்கு சின்னச் சக்கரங்கள், ஒரு சீட், பின்னால் ஓர் எஞ்சின். அவ்வளவுதான். கலிபோர்னியாவில் பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் 1956-ல் முதல் கார்ட்டைச் செய்தார். அதில் அவர் பொருத்தியது புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட வெஸ்ட் பெண்ட் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். 1959-ல் மெக்கல்லக் நிறுவனம் தன்னுடைய மரம் அறுக்கும் செயின்-சா எஞ்சினைக் கொஞ்சம் மாற்றி ‘எம்சி-10’ என்ற பெயரில் கார்ட்டுக்கென்றே விற்பனைக்குக் கொண்டு வந்தது. (இந்த நிறுவனத்தின் முதலாளி ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-ல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, அரிசோனாவில் கொண்டு போய்க் கட்டியவர். செயின்-சாவில் அவ்வளவு பணம்!) மினிபைக் இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பிரிட்டன் செய்த ‘வெல்பைக்’, பாராசூட்டில் போடும் உருளைக்குள் மடித்து வைக்கும் அளவுக்குச் சின்னது. அதில் இருந்தது 98 சிசி வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக்.

வெஸ்ட் பெண்ட் தன் எஞ்சின் பிரிவை 1965-ல் கிரைஸ்லருக்கு விற்றுவிட்டது. மெக்கல்லக்கும் கார்ட் எஞ்சின் தயாரிப்பைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே பிஸ்டன் ஒருமுறை சிலிண்டரில் பிடித்துக்கொண்டால், நம்மூர் மொபெட்டுக்கு வாங்குவதுபோல் கடைக்குப் போய் ஒரு பிஸ்டன் வாங்கிவர முடியாது. நண்பரின் கவலையும் அதுதான்.

சத்தத்தில் ஆர்.பி.எம். எப்படித் தெரியும்?

ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு முறை எரியும்போதும் சைலன்ஸரில் ஒரு ‘டப்’. வினாடிக்கு 100 ‘டப்’ என்றால் 100 ஹெர்ட்ஸ். அதை 60-ஆல் பெருக்கினால் நிமிடத்திற்கு 6000 சுற்று. (ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். எனவே 120-ஆல் பெருக்க வேண்டும்.) இந்த ஹெர்ட்ஸைக் கண்டுபிடிப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை.

இதற்கு ‘ஆடாசிட்டி’ என்ற சாப்ட்வேர் போதும். அதன் சொந்தத் தளத்தில் இருந்தே டவுண்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் எடுத்தால் வேண்டாத புரோகிராம்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதிவு செய்யும்போது செல்போனை எஞ்சினுக்கு மிக அருகில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் சத்தம் மைக்குக்குத் தாங்காமல், திரையில் அலைகளின் தலை வெட்டியதுபோல் தட்டையாகத் தெரியும். முடிந்தால் வேவ் பைலாகச் சேமியுங்கள். செல்போன்கள் பெரும்பாலும் எம்4ஏ என்ற வகையில் சேமிக்கின்றன. அதைத் திறக்க விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டியுடன் எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு தொகுப்பையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

பைலை மவுஸால் இழுத்து ஆடாசிட்டி விண்டோவில் போடுங்கள். நீல நிறத்தில் அலைகள் தோன்றும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு 1 என்ற கீயைச் சில முறை தட்டினால் அலை பெரிதாகும். இப்போது ஒவ்வொரு ‘டப்’பும் தனித்தனிக் குன்றாகத் தெரியும். மேலே உள்ள நேர அளவுகோலைப் பார்த்து, இரண்டு வினாடிக்குள் எத்தனை குன்றுகள் என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டுப் பழைய டிவிஎஸ் 50-ஐ ஐடிலிங்கில் விட்டுப் பதிவு செய்தபோது இரண்டு வினாடியில் 54 குன்றுகள் இருந்தன. வினாடிக்கு 27, ஆக 1620 ஆர்.பி.எம்.

வேகம் கூடினால் எண்ணிக் கட்டுப்படியாகாது. அப்போது, எஞ்சின் ஒரே சீராக ஓடும் இரண்டு வினாடித் துண்டை மவுஸால் தேர்வு செய்யுங்கள். ‘அனலைஸ்’ மெனுவில் ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். மலைத்தொடர்போல் ஒரு படம் வரும். கீழே உள்ள ‘சைஸ்’ பெட்டியில் 16384-ஐத் தேர்ந்தெடுங்கள். வினாடிக்கு 44,100 சாம்பிள் என்று பதிவான பைலில் இது சுமார் 2.7 ஹெர்ட்ஸ் வரை துல்லியம் தரும். அதாவது 160 ஆர்.பி.எம். இங்கே அங்கே இருக்கலாம். 6000-க்கு இது பரவாயில்லை. ஐடிலிங்குக்கு எண்ணும் முறைதான் நல்லது.

படத்தில் உயர்ந்த முகடு எதுவோ அதுதான் விடை என்று அவசரப்படாதீர்கள். 100 ஹெர்ட்ஸ் சத்தம் 200, 300, 400 என்று தன் மடங்குகளையும் கூட்டி வரும். செல்போன் மைக் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிக்காததால் 200-ல் உள்ள முகடு 100-ஐவிட உயரமாக நிற்கலாம். முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். சம தூரத்தில் நின்றால் அந்தத் தூரமே உங்களுக்கு வேண்டிய எண்.

நண்பரின் பைலில் இருந்த புதிர்

பின் சக்கரங்களைத் தரையில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றி, பாதி ஆக்ஸிலேட்டரில் ஓடவிட்டுப் பதிவு செய்திருந்தார். முகடுகள் 50, 100, 150, 200 என்று நின்றன. இடைவெளி 50. அப்படியானால் 3000 ஆர்.பி.எம். தானே? ஆனால் காதால் கேட்டால் அதைவிட வேகமாக ஓடுவதுபோல் இருந்தது.

அலையைப் பெரிதாக்கிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. ஒரு குன்று பெரியது, அடுத்தது சிறியது, மறுபடி பெரியது. அதாவது எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சரியாக எரிகிறது. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோல் அதிகமாகப் போனால் இப்படி ஆகும். எரியாமல் விட்ட சுற்றில் சிலிண்டர் கொஞ்சம் சுத்தமாகி, அடுத்த சுற்றில் எரியும். நம்மூர் மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வதில் இதுவும் ஒரு வகை. கார்ட் ஓட்டுபவர்கள் இதை ‘ஃபோர் ஸ்ட்ரோக்கிங்’ என்கிறார்கள், ஏனென்றால் அப்போது சத்தம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி மாதிரி இருக்கும்.

என் ஊகம் சரிதானா என்று பார்க்க இன்னொரு சோதனை செய்யச் சொன்னேன். எஞ்சின் பக்கப் பல்சக்கரத்தில் 10 பல், பின் அச்சில் 60 பல். எஞ்சின் ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதே ஆக்ஸிலேட்டரில் செல்போனின் ஸ்லோமோஷனில், வினாடிக்கு 240 படம் என்ற கணக்கில் வீடியோ எடுக்க வேண்டும். எஞ்சின் 3000-ல் ஓடினால் அந்தக் கோடு ஒரு சுற்று வர சுமார் 29 படங்கள் ஆகும். 6000 என்றால் 14 அல்லது 15. வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணியதில் 14 வந்தது. ஆகவே 6000. (ஸ்டாண்டில் ஓடும்போது செயினுக்குப் பக்கத்தில் லுங்கி, துப்பட்டா, சின்னப் பிள்ளைகள், மூன்றும் கூடாது.)

பெட்ரோல் அதிகமாகப் போவது கெட்ட செய்தி இல்லை. பழைய எஞ்சினுக்கு அதுதான் பாதுகாப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. கார்புரேட்டரின் ‘ஹை’ ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகிப் பெட்ரோலைக் குறைத்தால் சத்தம் கூர்மையாகும், வேகம் கூடும், கேட்க இனிமையாக இருக்கும். அதே நேரம் சூடு ஏறும், ஆயிலும் குறையும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் கதை முடிந்தது. அதனால் ஸ்டாண்டில் சுமையில்லாமல் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் முகட்டை அறவே ஒழிக்கப் பார்க்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதினேன். வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஆள் உட்கார்ந்து ஓட்டும்போது, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருகிப் பதிவு செய்யட்டும். அந்த முகடு மறையத் தொடங்கும் இடம் வந்ததும் கொஞ்சம் பின்னால் திருகி நிறுத்தி விடட்டும். ஓட்டலாம், அவசரம் மட்டும் கூடாது.

ஓடும் வண்டியைத் தடத்தின் ஓரத்தில் நின்று பதிவு செய்தால் இன்னொரு சிக்கல். நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறும், தாண்டிப் போனதும் இறங்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் 6000 என்பது வரும்போது 6250 போலவும், போகும்போது 5770 போலவும் காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அல்லது போனை ஓட்டுபவரின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.

ஆயில் கணக்குக்கு எக்ஸெல்

இந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் கருவிகளுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்கிறார்கள். அந்தக் கால கார்ட் எஞ்சின்களுக்கு 20-க்கு 1, சில சமயம் 16-க்கு 1 கூடப் போட்டார்கள். ஐந்து லிட்டருக்கு முதல் கணக்கில் 100 மில்லி, 20-க்கு 1 என்றால் 250 மில்லி. வித்தியாசத்தைப் பாருங்கள். எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் பெட்ரோலை மில்லியில் (5000), பக்கத்துக் கட்டத்தில் பங்கை (20) டைப் செய்யுங்கள். மூன்றாவது கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தைக் கிளிக் செய்து, சாய்கோடு போட்டு, இரண்டாவதைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 250 வரும். எண்ணை மாற்றினால் விடை தானே மாறும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆயிலைக் கூட்டினால் அதே துளை வழியே போகும் பெட்ரோல் சற்றுக் குறைகிறது. எனவே பங்கை மாற்றினால் ஸ்க்ரூவையும் மறுபடி பார்க்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலந்து வருகிறது. அது பழைய கார்புரேட்டரின் ரப்பர் டயாப்ரத்தைக் கெடுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு பதிவையும் தேதி, ஆயில் பங்கு, ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருந்தது என்ற விவரங்களோடு பெயரிட்டு ஒரே போல்டரில் வையுங்கள். நண்பரின் போல்டரில் இப்போது பதினொரு பைல்கள் இருக்கின்றன. முதல் பைலையும் கடைசி பைலையும் அடுத்தடுத்துத் திறந்து ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ் முகடு பாதி உயரத்துக்கு இறங்கியிருக்கிறது.