நிக்காஹ் பதிவேட்டில் மணமகள் கையெழுத்து எங்கே? இலங்கை முஸ்லிம் பெண்கள் கேட்பது என்ன?

கல்யாணம் மகளுக்கு. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோ அப்பா! இலங்கையின் 1951-ம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வகுத்த நடைமுறை இது. இதை மாற்றச் சொல்லி பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருபவர்கள், அங்கிருக்கும் முஸ்லிம் பெண்களேதான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண்ணின் 'வலீ' (அப்பா, அண்ணன் போன்ற ஆண் பொறுப்பாளர்), நிக்காஹ் நடத்தி வைப்பவர் ஆகியோர் கையெழுத்திடுவார்கள். மணமகள் கையெழுத்துக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

குறைந்தபட்ச திருமண வயதையும் இந்தச் சட்டம் சொல்லவில்லை. 12 வயதுக்குக் கீழ் உள்ள சிறுமியின் திருமணத்தைப் பதிவு செய்ய மட்டும் காதியின் அனுமதி வேண்டும். காதி என்பவர் முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிப்பவர். அந்தப் பதவிக்கு ஆண்களைத்தான் நியமிக்க முடியும். மற்ற சமூகத்தினருக்கு 1995-லேயே திருமண வயது 18 ஆகிவிட்டது என்பதைக் கவனிக்கணும்.

மணமகள் ஏன் கையெழுத்திடுவதில்லை?

இங்கேதான் 'வெட்கம்' வருகிறது. கன்னிப்பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும், வெட்கத்தால் அவள் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதோடு, இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபி மரபில் வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது. அதனால் பெண் உள்ளறையில் இருக்க, வலீ சபையில் பேசி முடிப்பது வழக்கமானது.

மாற்றம் கேட்கும் பெண்கள் இந்த நபிமொழியை மறுக்கவில்லை. "அதில் முதலில் இருப்பது பெண்ணிடம் கேட்க வேண்டும் என்பதுதானே?" என்பது அவர்கள் வாதம். கேட்டார்களா, இல்லையா என்பதற்கு ஆதாரமே இல்லாதபோது, மிரட்டி மௌனமாக்கிய பெண்ணும் சம்மதித்தவளாகவே கணக்கில் வருவாள். வெட்கம் என்பது ஒழுக்கம். அதை உரிமையைப் பறிக்கும் காரணமாக்கக் கூடாது என்கிறார்கள்.

மஹரை உதாரணமாகக் காட்டுபவர்களும் உண்டு. மாப்பிள்ளை தரும் மஹர் பெண்ணுக்கே சொந்தம், அப்பாவுக்கு அல்ல. சொத்து அவள் பேரில் இருக்கலாம், ஒப்பந்தத்தில் மட்டும் அவள் கையெழுத்து கூடாதா என்று கேட்கிறார்கள்.

விவாகரத்தில் என்ன சிக்கல்?

கணவர் தலாக் சொல்ல காரணம் காட்டத் தேவையில்லை. காதிக்கு அறிவித்து, சமரசத்துக்கான காத்திருப்புக் காலத்தைக் கடந்தால் போதும். மனைவி 'ஃபஸஹ்' முறையில் பிரிய வேண்டுமானால், கணவரின் தவறைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். காதி நீதிமன்றத்தில் வக்கீல் வாதாட முடியாது. குடும்பத்தில் நடந்த கசப்பான விஷயங்களை முழுக்க ஆண்கள் உள்ள சபையில் பெண் தானே சொல்லணும். பெண் காதி வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

கோர்ட்டுக்குப் போகலாமே?

அது அவ்வளவு சுலபமில்லை. அரசியலமைப்பின் 16(1) பிரிவுப்படி, 1978-க்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும். ஆகவே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துவதுதான் வழி. 2009-ல் நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அறிக்கை வந்தது 2018-ல். அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு பரிந்துரைகளைத் தந்தார்கள்.

எதிர்ப்பு ஏன்?

ஷரீஅத் சார்ந்த விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்பது உலமாக்களில் பலரின் நிலைப்பாடு. தயங்கும் பெண்களும் இருக்கிறார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. 'இன்று உடை, நாளை நிக்காஹ்வா?' என்ற பயம் அவர்களுக்கு. தடையை எதிர்த்துக்கொண்டே சட்டத் திருத்தமும் கேட்பவர்கள் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டிய நிலை.

மற்ற முஸ்லிம் நாடுகளில் எப்படி?

பாகிஸ்தானின் நிக்காஹ் படிவத்தில் மணமகள் கையெழுத்துக்கு இடம் உண்டு. மலேசியா 2010-ல் ஷரீஅத் நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தது. இந்தோனேசியா 2019-ல் பெண்ணின் திருமண வயதை 16-லிருந்து 19 ஆக உயர்த்தியது. மார்க்கத்துக்குள் இருந்தபடியே மாற்றம் சாத்தியம் என்பதற்கு இலங்கைப் பெண்கள் எடுத்துக்காட்டுவது இந்த மாதிரி நாடுகளைத்தான்.