பல் முந்தும், எலும்பு பிந்தும்

கிள்ளான், காப்பார் பக்கம் வரிசை வீடுகள் நிறைந்த தாமான்களில் நடந்து போனால், கேட்டுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டோ ராட்வைலரோ நின்று குரைப்பதைப் பார்க்கலாம். ஏழு மாதக் குட்டியின் உயரத்தையும் குரலையும் வைத்து, “இது பெரிய நாயாயிடுச்சு” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதன் வாய்க்குள் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும், எல்லாப் பற்களும் முளைத்திருக்கும். ஆனால் தம்பி தங்கைகளே, அதன் எலும்புகளைக் கேட்டால் வேறு பதில் வரும்.

முதலில் பல்லைப் பார்ப்போம். குட்டி பிறக்கும்போது வாயில் ஒரு பல்லும் இருக்காது. மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் ஈறைக் கீறிக்கொண்டு வெளியே வரும். எட்டு வாரம் ஆவதற்குள் 28 பற்களும் வந்துவிடும். நமக்குப் பால் பற்கள் 20தான், முதல் பல் ஆடி விழ ஏறக்குறைய ஆறு வயதாக வேண்டும். நாய்க்குட்டிக்கோ மூன்றரை, நான்கு மாதத்திலேயே முன்பற்கள் விழத் தொடங்கிவிடும். அப்புறம் கோரைப் பற்கள் மாறும். கடைவாயின் கோடியில் இருக்கும் பற்கள் கடைசியாக வரும். ஆறு, ஏழு மாதத்தில் மேலே 20, கீழே 22 என்று 42 நிரந்தரப் பற்களும் வந்து முடிந்துவிடும். பெரிய இனம், சின்ன இனம் என்ற வித்தியாசம் இதில் அதிகம் இல்லை. பெரிய இனக் குட்டிகள் கொஞ்சம் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

வீடு கூட்டும்போது அரிசிமணி போல வெள்ளையாக ஒன்று தரையில் கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அது விழுந்த பால் பல்லாக இருக்கலாம். அதற்கு வேரே இருக்காது, அடிப்பக்கம் குழிந்திருக்கும். வேர் எங்கே போயிற்று? புதுப் பல் அடியிலிருந்து மேலே வரும்போது, சிறப்பு உயிரணுக்கள் பால் பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகின்றன. பிடிப்புப் போனதும் பல் ஆடுகிறது, விழுகிறது. உங்கள் பால் பல்லும் இப்படித்தான் விழுந்தது. குட்டி பல நேரம் சாப்பாட்டோடு பல்லையும் விழுங்கிவிடும், பயப்பட வேண்டாம். பால் பல் விழாமல் அதன் பக்கத்திலேயே புதுப் பல் வளர்ந்தால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த மாதங்களில் வாசலில் விட்ட செருப்பு தப்பாது. ஈறு வலிக்கிறது, குட்டி எதையாவது கடிக்கத்தான் செய்யும், அடிக்காதீர்கள். ஈரத் துணியை முறுக்கி ஐஸ்பெட்டியில் உறைய வைத்து, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் அது சுகமாக இருக்கும். கெட்டியான எலும்பு வேண்டாம், அது புதுப் பல்லை உடைத்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றாவது அமுங்கும் பொருள்தான் குட்டியின் வாய்க்கு நல்லது.

இப்போது எலும்புக்கு வருவோம். லாப்ரடார் குட்டி பிறக்கும்போது பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான் இருக்கும். வளர்ந்த பிறகு 30 கிலோ. அறுபது மடங்குக்கும் மேலான இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி ஒரே வருடத்தில் நடந்துவிடுகிறது! நாம் இருபது மடங்கு வளரப் பதினெட்டு வருடம் எடுத்துக்கொள்கிறோம். கால் எலும்பின் இரு முனைகளுக்கு அருகிலும் குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். அங்கே உயிரணுக்கள் பெருகி வரிசையாக அடுக்கிக்கொள்ளும், பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாக மாறும். அப்படித்தான் எலும்பு நீள்கிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும், இந்தத் தட்டு மட்டும் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். படம் பார்க்கத் தெரியாதவர் எலும்பு உடைந்துவிட்டதோ என்றுகூட நினைப்பார். உங்கள் கையை எக்ஸ்ரே எடுத்தாலும் அதே கோடுகள் இருக்கும்.

எலும்பு வளர்ந்து முடிந்ததும் இந்தக் கோடு மறைந்துவிடும். ஏழு மாத ஜெர்மன் ஷெப்பர்டுக்கு முழங்கைப் பக்கம் கோடு மறையத் தொடங்கியிருக்கும். மணிக்கட்டு, முழங்கால், தோள் பக்கம் இன்னும் அப்படியே இருக்கும். சின்ன இன நாய்களுக்கு ஒரு வயதுக்குள் எல்லாக் கோடும் மறைந்துவிடும். பெரிய இனங்களுக்கு 12 முதல் 18 மாதம் ஆகும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு இரண்டு வயதுகூட ஆகலாம். குருத்தெலும்பு எலும்பைவிட மென்மையானது. வளர்ச்சித் தட்டில் பலமாக அடிபட்டால் அந்தக் கால் வளைந்தோ குட்டையாகவோ வளரக்கூடும். அதனால்தான் குட்டியைச் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடக் கூடாது, உயரத்திலிருந்து குதிக்க விடக் கூடாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒரு பாய் விரித்தால் கால் வழுக்காது.

“எலும்பு கெட்டியாகட்டும்” என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்பால்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அது கெடுதல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அதிகப்படிச் சுண்ணாம்புச் சத்தைத் தடுக்கத் தெரியாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகமாகக் கொடுத்துப் பார்த்தபோது எலும்புகள் கோணலாகத்தான் வளர்ந்தன. சாப்பாட்டையும் அளவோடு போட வேண்டும். அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வில், 48 லாப்ரடார்களை உடன்பிறந்த ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தொல்லையும் அவற்றுக்குக் குறைவு.

மனசும் மெதுவாகத்தான் வளர்கிறது. நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து மாதத்தில் “உட்கார்” என்றால் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னால் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன! ஒரு வயதில் மறுபடி ஒழுங்காகிவிட்டன. உங்கள் அண்ணன், அக்கா வீட்டில் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த நாய்கள் வேலைக்கும் போகும். 2007இல் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார்கள் மலேசியாவுக்கு வந்து, பிளாஸ்டிக் வாசனையை மோப்பம் பிடித்தே திருட்டு டிவிடிக் கிடங்குகளைக் காட்டிக்கொடுத்தன. திருட்டுக் கும்பல்கள் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்திகள் வந்தன. இப்படி வேலைக்குப் போகும் நாய்களைக்கூடச் சின்ன வயதிலேயே கசக்கிப் பிழிவதில்லை. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள் ஒரு வயதுவரை ஒரு குடும்பத்தில் வளர்ந்து, அதன் பிறகுதான் முழுப் பயிற்சிக்குப் போகின்றன.

உங்கள் வீட்டில் நான்கு மாதக் குட்டி இருந்தால், அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். மேலே ஆறு, கீழே ஆறு முன்பற்கள் தெரியும். ஒல்லியாக, சின்னதாக இருப்பவை பால் பற்கள். அகலமாக, விளிம்பில் மூன்று சின்ன மேடுகளோடு இருப்பவை புதியவை. எத்தனை மாறியிருக்கின்றன என்று தேதி போட்டு நோட்டில் எழுதி, ஒவ்வொரு வாரமும் எண்ணி வாருங்கள்.