எள் இல்லாத எண்ணெய்

"காடிக்கு எண்ணெய் போடணும்" என்று கிள்ளானில் ஒருவர் சொன்னால், சென்னையிலிருந்து வந்தவர் ஒரு கணம் திகைப்பார். அங்கே வண்டிக்குப் போடுவது பெட்ரோல். போடும் இடம் பெட்ரோல் பங்க். இங்கே போடுவது எண்ணெய். இடம் எண்ணெய் நிலையம். மலாய்க்காரர்கள் வாணலியில் ஊற்றுவதையும் வண்டியில் ஊற்றுவதையும் 'மின்யாக்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மலேசியத் தமிழர்கள் தங்கள் மொழியைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்துக்கு அடிப்படை இல்லை என்பதே என் எண்ணம். எண்ணெய் என்ற சொல் பிறந்த நாளிலிருந்து எந்த வழியில் நடந்து வந்ததோ, அதே வழியில்தான் கூட்டரசு நெடுஞ்சாலையோர நிலையம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எள்ளும் நெய்யும் சேர்ந்தது எண்ணெய். எள்ளை ஆட்டி எடுத்தது மட்டுமே அந்தப் பெயருக்கு முதலில் உரியது. இலக்கணக் கண்டிப்போடு பார்த்தால் 'தேங்காய் எண்ணெய்' என்பதே பிழை. தேங்காயில் ஏது எள்? ஆனால் தமிழர்கள் தயங்கவில்லை. தேங்காய், வேம்பு, ஆமணக்கு, கடலை என்று எதைப் பிழிந்தாலும் அது எண்ணெய் ஆயிற்று. பொதுப்பெயர் ஆனபின் எள்ளிலிருந்து வருவதைத் தனியே சுட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. 'நல்ல' என்ற அடையைச் சேர்த்து நல்லெண்ணெய் ஆக்கினார்கள். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் தீபாவளிக் குளியலுக்காக அந்தப் பெயரைச் சொல்லி வாங்குகிறவர், அறியாமலே ஒரு பழைய மொழித் திருத்தத்தை உச்சரிக்கிறார். சொல் விரிந்தது, ஆனால் பொருள் தொலையவில்லை. தேவைப்பட்ட இடத்தில் ஓர் அடைமொழி வந்து காத்தது.

பிற மொழிகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் எள்ளுக்குத் திலம்; அதிலிருந்து வந்தது தைலம். இன்று நாம் தைலம் என்றால் யூக்கலிப்டஸ் மணக்கிறது, எள் மணப்பதில்லை. ஆங்கிலத்தின் 'ஆயில்' லத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் ஆலிவ் மரத்தில் முடிகிறது. பெட்ரோலியம் என்பது லத்தீனில் பாறை எண்ணெய், வேர் பார்த்தால் பாறையில் ஊறிய ஆலிவ் சாறு! தூய தமிழ் விரும்பிகள் பெட்ரோலுக்குக் 'கன்னெய்' என்று சொல் ஆக்கியிருக்கிறார்கள். கல்லில் எடுத்த நெய். அழகான சொல்தான். ஆனால் அதுவும் பழைய நெய்யைப் புதிய பொருளுக்கு நீட்டியதுதானே? கிள்ளான்காரர் செய்ததும் அதுவே.

மலாயிலிருந்து ஒட்டிக்கொண்டது என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கலாம். பக்கத்து வீட்டு மொழி நம் பேச்சைத் தொடாமல் இருக்காது. ஆனால் மண்ணெண்ணெயைப் பாருங்கள். மலாயில் அது 'மின்யாக் தானா', மண்ணின் எண்ணெய். இந்தியில் 'மிட்டி கா தேல்', அதுவும் மண்ணின் எண்ணெய். மலாய் காதில் விழாத தமிழ்நாட்டுக் கிராமத்திலும் அது மண்ணெண்ணெய்தான்; சீமையிலிருந்து வந்ததால் சில ஊர்களில் சீமெண்ணெய். நிலத்தடியில் தோண்டி எடுத்த எரிபொருளை எண்ணெய் என்று அழைக்கும் வழக்கம் தமிழுக்குள்ளேயே இருந்தது. மலாய் அதற்கு ஊக்கம் தந்திருக்கலாம், அவ்வளவே.

இப்படி விரித்தால் நம் சொலவடைகள் பொருளிழந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. சொலவடைகள் எண்ணெயின் பெயரைவிட அதன் குணத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் கலவாது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினால் வீடு தாங்காது. இந்தக் கடைசியைப் பெட்ரோலுக்குச் சொன்னால் இன்னும் பொருத்தம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பேட்மிண்டன் ஆட்டம் பார்க்கும் சீன ரசிகர்கள் 'எண்ணெய் ஊற்று' என்ற பொருள்பட 'ஜியாயோ' என்று கத்துவது விளையாடுபவரை உற்சாகப்படுத்த. நமக்குக் கலகம் மூட்டுவது அவர்களுக்கு ஊக்கம் ஊட்டுவது. ஆங்கிலக்காரர்களோ கொந்தளிக்கும் நீரில் எண்ணெய் ஊற்றிச் சமாதானம் செய்கிறார்கள். அலை மேல் எண்ணெய் படர்ந்தால் அது அடங்கும் என்ற கடலோடிகளின் அனுபவத்தை பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு குளத்தில் சோதித்து 1774இல் எழுதினார். 'எள் என்றால் எண்ணெயாக நிற்பான்' என்று சுறுசுறுப்பானவனைச் சொல்கிறோமே, அதில் சொல்லின் பிறப்பு பத்திரமாக இருக்கிறது. அதையும் பெட்ரோல் அழிக்கவில்லை.

குழப்பம் வரும் என்ற மறுப்பு ஒன்றுதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. 'எண்ணெய் விலை உயர்ந்தது' என்ற தலைப்பைப் படிக்கும் குடும்பத் தலைவிக்கு எது உயர்ந்தது என்று தெரிய வேண்டும். அரசு மானியத்தில் 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ சமையல் எண்ணெய் பாக்கெட்டா, வண்டிக்குப் போடுவதா, உலகச் சந்தையின் கச்சா எண்ணெயா? பேச்சில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. வண்டியைப் பார்த்தாலே புரியும். அச்சில் எழுதுகிறவர்கள் நல்லெண்ணெய்க்கு முன்னோர் செய்ததைச் செய்யலாம். சமையல், கச்சா, பெட்ரோல் என்று ஓர் அடை போதும். அதற்காகத் தெருவில் வழங்கும் சொல்லைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

இந்த மண் தமிழுக்குத் தந்த எண்ணெய்ச் சொற்களில் எனக்கு மிகவும் பிரியமானது செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்துக்கு 1763இல் தாவரவியலார் இட்ட 'எலெயிஸ்' என்ற பெயரிலும் கிரேக்க ஆலிவ்தான் ஒளிந்திருக்கிறது. மலாயாவில் அதை வணிகமாக முதன்முதலில் நட்டது 1917இல், கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னர் மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்ற எழுத்தாளர். உலகின் மிகப் பெரிய எண்ணெய்த் தொழில்களில் ஒன்று ஒரு தமிழ் மரப்பெயரைத் தாங்கிய தோட்டத்தில் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அந்த எண்ணெய் 'பாமாயில்'; மரத்தைக் காணாமல் டின்னையும் பாக்கெட்டையும் மட்டும் கண்டவர்களுக்கு ஆங்கிலப் பெயரே வந்தது. குலை வெட்டியவர்களும் உதிரிப்பழம் பொறுக்கியவர்களும் வாழ்ந்த இந்த நாட்டில் அது பனை, சிவந்த பழம் தரும் பனை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, தொழிலாளர் குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. அங்கே அடுப்படியில் இருக்கும் பாக்கெட்டைச் சுட்டி 'இது செம்பனை எண்ணெய்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில்தான் நம் அக்கறை இருக்க வேண்டும். வண்டிக்கு எண்ணெய் போடுகிறவரை விட்டுவிடலாம். அவர் தமிழ்தான் பேசுகிறார்.